கோடு அவர்கள் போட்டது; களம் நம்முடையது!

(பொங்கல் விளையாட்டுப் போட்டிகளையொட்டி அட்டனில் நடைபெற்ற தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே! ஆசிரியப் பெருமக்களே! வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! நுவரெலியாச் சரிவுகளில் மரக்கறி விளைவிக்கும் கமக்காரப் பெரியோர்களே! கொழுந்து பறித்த கை காயுமுன் இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இளந்தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டு. கூலி, காணி, வீடு என்று பேச எத்தனையோ இருக்க, விளையாட்டைப் பற்றிப் பேசவா ஒரு கூட்டம் என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் எப்படி அணிதிரள்கிறது என்று அறிய விரும்புவோர், அது எப்படி விளையாடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்த ஊரின் பேரால் ஒருவன் களத்தில் இறங்குகிறான்? அந்த ஊருக்கு எல்லை வகுத்தவர் யார்? அந்தக் களம் யாருடைய காணி? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடப் புறப்பட்டால், கூலியும் காணியும் வீடும் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடும்.

நம் ஆட்டங்கள் கோட்டை நம்பி ஆடப்படுபவை. சடுகுடுவில் நடுக்கோட்டைத் தாண்டிச் சென்றவன், மூச்சு அறுபடுமுன் தன் பக்கம் மீள வேண்டும். கிளித்தட்டிலோ கட்டத்துக்குக் கட்டம் கோடு; கோட்டுக்குக் கோடு மறிப்பவன். அத்தனை பேரையும் ஏய்த்துக் கடைசிக் கட்டம் வரை போய்த் திரும்பி வருபவனே கெட்டிக்காரன். மண்ணில் கீறிய இந்தக் கோடுகளை நாம் நன்கறிவோம். ஆனால் காகிதத்தில் கீறிய கோடுகள் இருக்கின்றனவே, தோட்ட எல்லை, கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, கல்வி வலயம், மாவட்டம், மாகாணம் என்று, அவை நம் ஆட்டத்தை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்கவே இவ்வுரை.

அயர்லாந்து காட்டும் பாடம்

முதலில் அயர்லாந்து என்னும் தீவுக்குச் சென்று வருவோம். தேயிலை மலைக்கும் அயர்லாந்துக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள், உறவு உண்டு. 1609ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசு அத்தீவின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் உழவரின் நிலத்தைப் பறித்து அந்நியரைக் குடியேற்றிற்று. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிளாண்டேஷன்’. பின்னாளில் இந்த மலைகளில் தோட்டம் போட்டபோது எழுதியதும் அதே சொல்தான்.

அந்நாட்டு மக்களுக்குத் தொன்றுதொட்டு வந்த ஆட்டம் ஹர்லிங். வளைந்த மட்டை கொண்டு பந்தை அடித்து ஆடுவது. கேலிக் கால்பந்து என்று இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஊர் வெவ்வேறு முறையில் ஆடப்பட்டுத் தேய்ந்துவந்த இவ்வாட்டங்களைக் காக்க, 1884 நவம்பர் 1ஆம் நாள் தேர்ல்ஸ் என்னும் சிற்றூரில் சிலர் கூடினர். மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியரும், மொரிஸ் டேவின் என்னும் விளையாட்டு வீரரும் முன்னின்றனர். கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. டேவின் விதிகளை எழுதினார்; 1885இல் அவை வெளிவந்தன.

சங்கத்தை அவர்கள் கட்டிய முறையைக் கவனியுங்கள். அடிப்படையாக அவர்கள் கொண்டது கோயிற்பற்றை. ஒரு தேவாலயம், அதைச் சுற்றிய குடிகள்; பெரும்பாலும் கோயிற்பற்றுக்கு ஒரு கழகம். கழகங்கள் சேர்ந்து ‘கவுண்டி’; அது நம் மாவட்டம் போன்றது. முப்பத்திரண்டு கவுண்டிகள் சேர்ந்து நான்கு மாகாணம். நான்கு மாகாணமும் சேர்ந்து நாடு. தொடக்க ஆண்டுகளில் ஒரு கவுண்டியில் வென்ற கழகமே அந்தக் கவுண்டியின் பேரால் நாட்டுப் போட்டியில் ஆடிற்று. 1888இல் நடந்த முதலாவது ஹர்லிங் இறுதிப் போட்டியில் டிப்பரரிக் கவுண்டிக்காக நின்றது தேர்ல்ஸ் கழகந்தான்.

அந்தக் கவுண்டி எல்லைகளை வகுத்தவர் யார்? ஐரிஷ் மக்களா? இல்லை. வரி தண்டவும் நீதி செலுத்தவும் ஆங்கில ஆட்சி வகுத்தவை அவை. கடைசிக் கவுண்டியாகிய விக்லோ உருவானது 1606இல். கவுண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளை அரசு தந்ததோ 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதாவது ஆட்சி மக்களுக்குச் சபை கொடுப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, அதே எல்லைகளை எடுத்து மக்கள் தமக்கெனச் சபை அமைக்கத் தொடங்கிவிட்டனர். அதிகாரி கீறிய கோட்டை மக்கள் தம் கோடாக்கிக் கொண்டனர்.

பிறகு 1921இல் நாடு துண்டாடப்பட்டது. ஆறு கவுண்டிகள் பிரித்தானியாவோடு நின்றன. அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளில் மூன்று தெற்கே போயின. விளையாட்டுச் சங்கமோ அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. ஒன்பது கவுண்டியும் ஒரே மாகாணமாகவே இன்றும் ஆடுகின்றன. மாகாண இறுதிப் போட்டி பெரும்பாலும் நடப்பது எல்லைக்குத் தெற்கே, மொனகன் கவுண்டியின் குளோனஸ் நகரில். இன்னொன்றும் சொல்வோம். 1994இல் டப்ளின் கவுண்டியை அரசு நிர்வாகத்துக்காக மூன்றாகப் பிரித்தது. டப்ளின் அணி பிரிந்ததா? இல்லை, ஒன்றாகவே நிற்கிறது. வட அயர்லாந்தில் 1973 முதல் கவுண்டி என்பது உள்ளூராட்சி அலகே அன்று. ஆனால் ஆடுகளத்தில் அது உயிரோடு இருக்கிறது.

குறையே இல்லாத சங்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்நிய ஆட்டம் ஆடியவரை 1971 வரை அது விலக்கி வைத்தது. எல்லையால் வரும் ஏற்றத்தாழ்வும் உண்டு. 2022 குடிக்கணக்கின்படி லீட்ரிம் கவுண்டியில் சுமார் 35,000 பேர். டப்ளினிலோ 14 இலட்சத்துக்கு மேல். இரண்டும் ஒரே கிண்ணத்துக்குப் போட்டியிட்டால் எது வெல்லும்? ஆகவேதான் வலிமை குறைந்த அணிகளுக்கென்று 2022இல் கால்பந்தில் இன்னொரு கிண்ணம் ஏற்படுத்தினர். எல்லையை மாற்றாமல் போட்டியின் முறையை மாற்றினர்.

துரைமார் அறிந்த உண்மை

இந்தப் பாடம் இம்மலைகளில் எவருக்கும் தெரியாதிருந்ததா? இல்லை. துரைமாருக்குத் தெரிந்திருந்தது!

வெள்ளைத் துரைமார் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடக் கழகம் அமைத்தனர். என்ன பெயரில்? அரசாங்க மாவட்டத்தின் பெயரிலன்று. தேயிலைப் பள்ளத்தாக்கின் பெயரில்! ரதல்லையில் களம் கொண்ட கழகம் திம்புளக் கழகம். தரவளையில் களம் கொண்டது டிக்கோயா மஸ்கெலியாக் கழகம். பதுளைப் பக்கம் ஊவாக் கழகம். கீழே களனிப் பள்ளத்தாக்குக் கழகம். எந்தப் பள்ளத்தாக்கில் தொழில் செய்தார்களோ, அந்தப் பள்ளத்தாக்கே அவர்களுடைய கவுண்டி. தேயிலைப் பெட்டியின்மேல் எழுதப்பட்ட பெயரே அவர்கள் சட்டையின்மேலும் எழுதப்பட்டது.

அந்தக் களத்தை வெட்டிச் சமப்படுத்தியவர் யார்? புல்லை நறுக்கியவர் யார்? நம் பாட்டனும் பூட்டனும்! திம்புள என்ற பெயருக்கு உலகில் மதிப்புத் தேடித் தந்த கைகள் எவருடையவை? நம் தாய்மாருடைய கைகள்! ஆயினும் திம்புள என்று சொல்லி ஆட ஓர் அணி நமக்கு இருந்ததில்லை. பள்ளத்தாக்கின் பெயர் துரைக்கு. லயத்தின் இலக்கம் தொழிலாளிக்கு. இப்படித்தான் பங்கிடப்பட்டது.

நம் ஊர் எது?

நமக்கென்று எல்லை இல்லாமலா போயிற்று? இருந்தது. அதுதான் தோட்டம்.

1820களில் கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிய, மலையெல்லாம் தேயிலையாயிற்று. தங்கள் ஸ்கொத்லாந்து ஊர்களை நினைத்துத் துரைமார் ஹோலிரூட் என்றும் டன்சினன் என்றும் பெயரிட்டனர். நம் முன்னோரோ தம் வாய்க்கு இசைந்த தமிழ்ப் பெயர்களை அந்தத் தோட்டங்களுக்குச் சூட்டிக்கொண்டனர். சட்டத்தின் கண்ணில் அது கிராமமன்று, கம்பனியின் சொத்து. நம் மக்களோ அதையே ஊராக்கினர். மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசி பிறந்தால் காமன் பொட்டல் ஊன்றிக் கூத்து நடந்தது. தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் தேர்த் திருவிழாவுக்கும் சடுகுடு, கிளித்தட்டு, உறியடி, வழுக்குமரம், கயிறிழுத்தல், சிலம்பம்! மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் முதலில் போட்டி. பின் இரண்டும் ஒன்றாகி அடுத்த தோட்டத்தோடு போட்டி. அயர்லாந்துக்காரன் கோயிற்பற்றிலிருந்து கவுண்டிக்கு ஏறியது போலவே, நம்மவர் பிரிவிலிருந்து தோட்டத்துக்கு ஏறினர். அதற்குமேல் ஏற நமக்குப் படி இருக்கவில்லை. அதுதான் வேறுபாடு.

ஏன் இருக்கவில்லை? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் எண்ணிப் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் தீர்க்கப்பட்டது. ஒரே சடுகுடு அணியில் ஆடிய அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு! தலைமன்னாரில் கப்பலேறியவர் நீலகிரியில் மீண்டும் கொழுந்து பறித்தனர். எல்லைக் கோடு என்றால் என்ன என்று உலகுக்குச் சொல்லித்தர நம்மைவிடத் தகுதியுடையவர் யார்?

குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் கோட்டின் கொடுமை வேறு உருவில் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. நாம் வாக்களித்த சபை, நம் பிள்ளைகள் ஆடும் திடலுக்கு ஒரு வண்டி மண் கொட்டவும் தயங்கிற்று. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு! ஒரு தலைமுறை ஆடி ஓய்ந்தே போயிற்று!

ஏணியும் எல்லையும்

இனி இன்றுள்ள ஏணியைப் பார்ப்போம். தேசிய விளையாட்டு விழாவுக்குச் செல்லும் வழி பிரதேச செயலகப் பிரிவில் தொடங்குகிறது. அங்கே வென்றால் மாவட்டம், பின் மாகாணம், பின் நாடு. இளைஞர் கழகமோ கிராம உத்தியோகத்தர் பிரிவை அடியாகக் கொண்டது. பாடசாலைப் போட்டி கல்வி வலயத்தை அடியாகக் கொண்டது. மூன்று ஏணி, மூன்றிலும் ‘தோட்டம்’ என்ற படி இல்லை.

இதனால் விளைவதென்ன? கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒன்றுக்குள் பல தோட்டங்கள் அடங்கிக் கிடக்கும். பல தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே இளைஞர் கழகம் என்றால், நகரத்துக்கு அருகில் இருப்பவன் பெயர் பதிவான். மலைமுகட்டில் இருப்பவன் அறியவே மாட்டான். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்பகமுவைப் பிரிவிலும் நுவரெலியாப் பிரிவிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்! இலட்சம் பேருக்கும் குறைந்த பிரிவுக்கும் ஓர் அணி, இரண்டு இலட்சத்துக்கும் ஓர் அணி என்றால், வாய்ப்பிழப்பவன் யார்? தோட்டத்து இளைஞனே.

ஓரத்தில் இருப்போர் நிலை இன்னும் விந்தையானது. புசல்லாவைப் பக்கம் கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் தொட்டுக்கொள்கின்றன. இங்கே கூப்பிட்டால் அங்கே கேட்கும் தொலைவிலுள்ள இரு தோட்டத்தார், அரசாங்க ஏணியில் சந்திக்க வேண்டுமானால் மாகாணப் போட்டிவரை காத்திருக்க வேண்டும். ஊவாவை ஒட்டிய தோட்டத்தாரோ, வெலிமடைப் பக்கத்து அயலாரை நாட்டுப் போட்டியில்தான் சந்திக்க முடியும்!

கோடுகள் மாறாமலும் இல்லை. 2018 தேர்தலோடு நுவரெலியாப் பிரதேச சபை மூன்றாகி, கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. அம்பகமுவை மூன்றாகி, மஸ்கெலியாவும் நோர்வூட்டும் பிறந்தன. அண்மை ஆண்டுகளில் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் பத்தாக்கப்பட்டன. இவை நாம் கேட்டுப் பெற்றவை, வரவேற்கிறோம். அலுவலகம் அருகில் வந்தால் அணிக்கும் வழி அருகில் வரும். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: ஒவ்வொரு புதுக் கோட்டுக்கும் பழைய அணி உடைய வேண்டுமா? டப்ளின் உடைந்ததா?

தோட்டத்தின் பேரால் ஆடுவதா?

இங்கே ஒரு கூர்மையான கேள்வி எழும். “தோட்டம் என்பது துரையின் எல்லை. நம்மைக் கட்டிப்போட்ட வேலி. அந்தப் பெயரிலேயே அணி அமைப்பது அடிமைச் சின்னத்தைப் பூண்டுகொள்வதாகாதா? கிராமமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தோட்டத்தைத் தூக்கிப் பிடிப்பதா?”

இக்கேள்வியை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. கவுண்டியும் ஆங்கில மன்னரின் வேலிதான். அதை மக்கள் தம் பெயராக்கினர் என்பது ஒரு விடை. ஆனால் அது முழு விடையன்று. ஐரிஷ் உழவன் பின்னர் தன் நிலத்துக்கு உடைமைக்காரனானான். அவனுடைய கழகம் தன் திடலைத் தானே வாங்கிற்று. டப்ளினின் பெருங்களமாகிய குரோக் பார்க்கைச் சங்கம் 1913இல் விலைக்கு வாங்கிற்று. இன்று அதில் 80,000 பேருக்குமேல் இருந்து பார்க்கின்றனர். நம் திடலோ நம்முடையதன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. எந்தக் கை மாறினாலும் லயத்தாரின் கைக்குத் திடல் வரவில்லை. இன்று பந்து உருளும் இடத்தில் நாளை கன்று நடலாம். கேட்க நமக்கு உறுதி இல்லை.

ஆகவே நாம் கூறுவது இது: பெயர் தோட்டத்தின் பெயராக இருக்கட்டும், உரிமை மக்களுடையதாக வேண்டும். பெயர் மட்டும் இருந்து உரிமை இல்லையேல், சந்தேகம் கொண்ட நண்பர் சொன்னதே மெய்யாகிவிடும்.

செய்ய வேண்டியவை

முதலாவது: தோட்டத்துக்கு ஒரு கழகம். தொழிற்சங்கத்துக்கு ஒரு கழகமன்று! ஒரே லயத்தில் நான்கு சங்கம் இருக்கலாம். அது அவரவர் உரிமை. சடுகுடு அணியிலும் நான்கு கட்சி என்றால் ஏழு பேர் தேறுவரா? கழகத்தைப் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தரிடம் முறையாகப் பதிவு செய்யுங்கள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் யாப்பு எழுதிக் கொடுங்கள். கணக்குப் புத்தகம் வைக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது: பள்ளத்தாக்குக்கு ஒரு சம்மேளனம். திம்புள, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, புசல்லாவை, இராகலை என்று நீரோடும் வழியே சேருங்கள். மாவட்டக் கோடு குறுக்கே வந்தால் வரட்டும். அரசாங்க ஏணி ஒருபுறம் இருக்க, ஆண்டுக்கொரு முறை இந்தப் பள்ளத்தாக்குகள் தமக்குள் மோதட்டும். சிறிய தோட்டங்களுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள்.

மூன்றாவது: விதி எழுதுங்கள். சடுகுடுவுக்குக் கபடி என்ற பெயரில் உலகறிந்த விதி உண்டு. கிளித்தட்டுக்கு? தோட்டத்துக்குத் தோட்டம் கட்டமும் ஆள்தொகையும் வேறாக இருந்தால் போட்டி எப்படி நடக்கும்? டேவின் செய்ததை நம் உடற்கல்வி ஆசிரியர்கள் செய்யட்டும். முதியோரிடம் கேட்டு, ஒருமுகமாய் எழுதி அச்சிடட்டும்.

நான்காவது: திடலுக்கு உறுதி. வீட்டுக்கென்று ஏழு பேர்ச் காணி அளக்கப்படும்போது, விளையாட்டுத் திடலையும் சேர்த்து அளந்து, பிரதேச சபையின் பேரிலோ கழகத்தின் பேரிலோ எழுதித் தரும்படி கேட்போம். வீடு மட்டும் கொண்டது குடியிருப்பு. கோயிலும் பள்ளியும் திடலும் சேர்ந்தால்தான் கிராமம். 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின் சபைகளுக்குச் சாக்கு இல்லை.

ஐந்தாவது: பெண்கள். அயர்லாந்தில் பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். அதற்கு 1904இலேயே தனிச் சங்கம் அமைந்தது. நம் தோட்டத்திலோ, கூடையை இறக்கிய கை அடுப்பை மூட்டப் போகிறது. திடலோரம் நின்று பார்க்கவும் நேரமில்லை. கொழுந்து மலையில் ஏறி இறங்கும் கால்களுக்குக் கிளித்தட்டு கற்றுக்கொடுக்க வேண்டுமா? நேரம் கொடுத்தால் போதும். வீட்டு ஆண்கள் அந்த நேரத்தைக் கொடுக்க முன்வர வேண்டும்.

ஆறாவது: வெளியூர் சென்றோர். கொழும்பில் கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்யும் நம் இளைஞர் ஆயிரமாயிரம். ஐரிஷ் வீரர்களுக்கு ஆட்டத்துக்குச் சம்பளமில்லை. தலைநகரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிறந்த கோயிற்பற்றுக்காக ஆடத் திரும்புவோர் அவர்களுள் பலர். நம் இளைஞரும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வருகிறார்கள். அந்நாட்களில் போட்டியை வையுங்கள். பிறந்த தோட்டத்தின் அணியில் அவர்களுக்கு இடம் வையுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கோடு அணி பிரிக்கவே. ஆளைப் பிரிக்க அன்று. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் எல்லே ஆடுகிறார்கள். அவர்களை நம் திடலுக்கு அழைப்போம். அவர்கள் திடலுக்கு நாமும் போவோம். அந்நிய ஆட்டம் ஆடியவனைத் தள்ளிவைத்த அயர்லாந்தின் பிழை நமக்கு வேண்டாம். கிரிக்கெட் ஆடும் தம்பியும் நம் தம்பியே.

தோழர்களே! 2023இல் நம் மக்கள் இம்மலைக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். இருநூறாண்டாக நம்மைப் பற்றிய கோடுகளை எல்லாம் பிறரே கீறினர். இனி ஒரு கோட்டையாவது நாம் கீறுவோம். அடுத்த பொங்கலுக்குள் உங்கள் தோட்டத்தில் கழகம் பதிவாக வேண்டும். திடலின் எல்லையை அளந்து, உறுதி கேட்டு எழுதிய விண்ணப்பம் பிரதேச சபையின் மேசையில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்து முடித்த தோட்டங்களின் பெயர்களை அடுத்த மேடையில் வாசிக்க விரும்புகிறோம். உங்கள் தோட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்குமா? விடையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.